இரண்டாம் வாசல்

பொறியியல் இயற்பியல் பட்டப்படிப்பை ஐஐடி ஒன்றில் முடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் காலத்தை நினைக்கும்போது தனித்தனி நிகழ்ச்சிகளைவிட ஒரு கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது: நாங்கள் அந்தத் துறைக்குள் நுழைந்தது எப்போது? சேர்க்கை ஆணை கைக்கு வந்த நாளில் என்றுதான் அப்போது நம்பினோம். வீட்டில் இருந்தவர்களும் பள்ளி ஆசிரியர்களும் அப்படியே நம்பினார்கள். இனிமேல் கவலை இல்லை என்றே எல்லோரும் வாழ்த்தினார்கள். இன்று என் எண்ணம் வேறு. இடம் கிடைப்பது ஒன்று, துறைக்குள் நுழைவது இன்னொன்று. முதலாவதற்கு ஒரு நாள் தேர்வு போதும். இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேண்டும். முதல் வாசலைத் திறந்து கொடுத்த திறமை இரண்டாம் வாசலில் பாதி அளவே உதவுகிறது. மறுபாதியை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இது தெரியாததால், இரண்டாம் ஆண்டில் திணறும் பிள்ளைகள் தங்களுக்குத் தகுதி இல்லை என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பதைக் காட்டவே இதை எழுதுகிறேன்.

முதல் வாசலின் நெரிசல் எல்லோரும் அறிந்ததுதான். ஜேஇஇ மெயின் தேர்வை ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். அவர்களில் முதல் 2,50,000 பேருக்குத்தான் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதத் தகுதி. அதில் ஒரே நாளில் மூன்று மணி நேரத் தாள்கள் இரண்டு. இதையெல்லாம் கடந்தால் 23 ஐஐடிகளிலும் சேர்த்து இருப்பவை ஏறத்தாழ 18,000 இடங்கள். அதன்பின் விருப்பப் பட்டியல். பிரிவுகளை வரிசைப்படுத்தும் அந்தப் படிவத்தைப் பெரும்பாலோர் நிரப்புவது முந்தைய ஆண்டின் கடைசி ரேங்க்குகளைப் பார்த்துத்தான். கணினி அறிவியல் மேலே, மின்னியல் அடுத்து, பிறகு மற்றவை என்று சந்தை போட்டுவைத்த வரிசையே பிள்ளைகளின் விருப்ப வரிசையாகிவிடுகிறது. பொறியியல் இயற்பியல் அந்த வரிசையின் நடுவில் எங்கோ வருகிறது. எனவே அங்கே வந்து சேர்பவர்கள் இரண்டு வகை: இயற்பியல்தான் வேண்டும் என்று மேலே எழுதி வந்தவர்கள், ரேங்க் இறக்கிவிட்ட இடத்தில் இறங்கியவர்கள். முதல் வகையினர் எளிதாகப் படித்துவிடுவார்கள், இரண்டாம் வகையினர் தவிப்பார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். நான் கண்டது அப்படி இல்லை. இரு வகையினரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். தடுமாற்றம் விருப்பக் குறைவால் மட்டும் வந்ததில்லை என்பதற்கு அதுவே முதல் சான்று.

அந்த இடம் எது என்பதைத் தனி ஊசலை வைத்துச் சொல்லலாம். தமிழ்நாட்டில் பள்ளிச் செய்முறை வகுப்புக்குப் போன எல்லோருக்கும் அது தெரியும்: நூலில் தொங்கும் சிறு குண்டு, கையில் நிறுத்துக் கடிகாரம், 20 அலைவுகளுக்கான நேரம். அலைவு நேரம் நூலின் நீளத்தின் இருமடி மூலத்துக்கு நேர்த்தகவில் இருக்கும். குண்டின் நிறையைப் பொறுத்ததன்று. நுழைவுத்தேர்வு இதே ஊசலை எடுத்துப் பல கோலங்களில் நிறுத்தும். மேலேறும் மின்தூக்கிக்குள் தொங்கவிடும், முடுக்கத்தோடு ஓடும் வண்டியில் தொங்கவிடும், குண்டுக்கு மின்னூட்டம் கொடுத்து மின்புலத்தில் நிறுத்தும். எச்.சி. வர்மாவின் புத்தகத்திலும் இரோடோவின் கணக்குத் தொகுப்பிலும் ஊறிய பிள்ளை இவை எல்லாவற்றையும் ஒரே வழியில் மடக்கிவிடும்: செயல்படும் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று கண்டுபிடி, சூத்திரத்தில் இடு, அடுத்த கேள்விக்குப் போ. இந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். புதிய வேடத்தில் வரும் பழைய கணக்கை அடையாளம் காண்பது இயற்பியலின் உண்மையான திறன்களில் ஒன்று. ஆனால் அதற்குள் மூன்று உறுதிமொழிகள் ஒளிந்திருக்கின்றன. கேள்வி சரியாக அமைந்திருக்கிறது, விடை இருக்கிறது, அது சில நிமிடங்களில் கிடைக்கும். பல ஆண்டுகள் இந்த மூன்றையும் நம்பிப் பழகிய மனம், அவை விலகும்போது தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறது.

இரண்டாம் ஆண்டில் அதே ஊசல் திரும்பி வருகிறது. பள்ளியில் படித்த சூத்திரம் சிறிய கோணத்துக்கு மட்டுமே பொருந்தும் என்ற குறிப்பு அப்போதும் இருந்தது. யாரும் அதில் நின்றதில்லை. இப்போது அந்தக் குறிப்பே பாடமாகிறது. 10 பாகை அலைவில் உண்மையான நேரம் சூத்திரம் தருவதைவிட ஏறத்தாழ 0.2 சதவீதம் அதிகம். 90 பாகையில் 18 சதவீதம் அதிகம். அதைக் கணக்கிடும் தொகையீடு பழகிய சார்புகள் எதிலும் அடங்காது. தொடராக விரித்து, எத்தனை உறுப்போடு நிறுத்தலாம் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பிறகு லக்ராஞ்சியன் முறை வந்து விசையே இல்லாமல் அதே ஊசலை ஆற்றலால் விளக்குகிறது. அடுத்த பருவத்தில் குவாண்டம் இயக்கவியலில் அது சீரிசை அலையியற்றியாக வருகிறது. அங்கே அதன் மிகக் குறைந்த ஆற்றல்கூடச் சுழியமாக இருக்க முடியாது. மின்னணுவியலில் தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றாக மீண்டும் வருகிறது. இவற்றுக்குத் தேவையான கணிதம், அதாவது நேரியல் இயற்கணிதமும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் ஃபூரியே பகுப்பும், பல நேரங்களில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் கற்பிக்கப்படுகிறது. நீச்சல் தெரியும் என்று நினைத்தவர்கள், கரை கண்ணுக்குத் தெரியாத நீரில் முதல் முறையாக இறங்குவது போன்றது அது. கை கால் அசைக்கத் தெரியாததால் வரும் பயமல்ல. தூரம் தெரியாததால் வரும் பயம்.

ஆய்வகத்தில் இதே ஊசலுக்கு இன்னொரு முகம். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதத்தால் 0.2 விநாடி பிழை வரலாம் என்று கொண்டால், ஒற்றை அலைவை அளப்பதில் பிழை 10 சதவீதம். 20 அலைவுகளை அளந்தால் அதே 0.2 விநாடி 40 விநாடியில் கரைந்து அரை சதவீதமாகிறது. பள்ளியில் ஏன் 20 அலைவுகள் என்று நாங்கள் கேட்டதில்லை. செய்முறை ஏட்டில் இருந்தது, செய்தோம். இப்போது அடுத்த கேள்வியும் பிறக்கிறது. 10 பாகை அலைவால் வரும் 0.2 சதவீதத் திருத்தத்தை இந்த அளவீட்டில் சேர்க்க வேண்டுமா? வேண்டாம், கையின் பிழை அதைவிடப் பெரிது. ஒளியுணரி வைத்து நேரத்தை ஆயிரத்தில் ஒரு விநாடி வரை அளந்தால்? அப்போது கட்டாயம் வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற இந்தத் தீர்மானமே பொறியியல் இயற்பியலின் உயிர் என்று நான் கருதுகிறேன். இயற்பியல் முழு உண்மையைக் காட்டுகிறது. பொறியியல் இந்தக் கருவிக்கு அதில் எவ்வளவு போதும் என்று கேட்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கப் பழகியவரே துறைக்குள் நுழைந்தவர். அந்தப் பழக்கத்தை எந்த மூன்று மணி நேரத் தாளாலும் அளந்துவிட முடியாது.

இந்தப் படிப்பு தோன்றிய காரணமும் இதுதான். டொராண்டோ பல்கலைக்கழகம் 1934-ல் இப்படியொரு படிப்பைத் தொடங்கியது; அமெரிக்காவின் கார்னெல் 1946-ல் தொடங்கியது. இடைப்பட்ட உலகப்போரில் ரேடார் போன்ற கருவிகளைச் செய்ய இயற்பியலாளர்களும் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டரை வால்டர் பிராட்டனோடு சேர்ந்து செய்து காட்டிய ஜான் பார்டீன், விஸ்கான்சினில் மின்பொறியியல் படித்துவிட்டுப் பிறகு பிரின்ஸ்டனில் கணித இயற்பியலில் முனைவரானவர். இயற்பியல் நோபல் பரிசை இருமுறை, 1956-லும் 1972-லும், பெற்ற ஒரே ஆள் அவர்தான். குவாண்டம் இயக்கவியலைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான பால் டிராக் 1921-ல் பிரிஸ்டலில் பெற்ற முதல் பட்டம் மின்பொறியியலில். முதல் உலகப்போருக்குப் பிந்தைய மந்தத்தில் வேலை கிடைக்காமல் கணிதத்துக்குப் போனவர் அவர். துல்லியமான சமன்பாடுகளை மட்டுமே மதித்த தன்னை, தோராயத்தையும் மதிக்கப் பழக்கியது அந்தப் பொறியியல் கல்விதான் என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இவர்களைப் போல ஆகிவிடலாம் என்று சொல்ல நான் இவர்களை அழைக்கவில்லை. இரண்டு மனப்போக்குகள் ஒரே ஆளிடம் சேர்வதற்குக் காலமும் இரண்டு வேறு வகைப் பயிற்சியும் தேவைப்பட்டன என்பதற்காகவே சொல்கிறேன். இவர்கள் அடுத்தடுத்துப் பெற்ற பயிற்சிகளைப் பொறியியல் இயற்பியல் நான்கே ஆண்டுகளுக்குள் ஒருசேரத் தருகிறது. அது கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. ரேங்க்கைக் குறை சொல்வது எளிது. ஆனால் அதுபோல நேர்மையான அளவுகோல் வேறு ஏது? சிபாரிசும் நேர்காணலும் நுழைந்தால் ஏழைப் பிள்ளையின் கதவு முதலில் சாத்தப்படும். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். நுழைவுத்தேர்வை எடுத்துவிட வேண்டும் என்பது என் வாதமல்ல. அது எதை அளக்கிறது என்பதை அறிந்து அந்த அளவுக்கு மட்டும் அதை நம்ப வேண்டும் என்பதே. ஒருங்கிணைந்த மின்சுற்றை 1958-ல் செய்து, 2000-ல் நோபல் பெற்ற ஜாக் கில்பி, எம்ஐடி நுழைவுத்தேர்வில் 500 தேவைப்பட்ட இடத்தில் 497 எடுத்து இடம் இழந்தார். ஒரு கில்பியைக் காட்டித் தேர்வுகளே பொய் என்று வாதிடுவது சரியான தர்க்கமாகாது. தோற்று மறைந்த ஆயிரம் பேரின் கதை நமக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று மதிப்பெண்ணில் ஒரு நியாயமான பாடம் இருக்கிறது. இடங்கள் குறைவு என்பதால் எங்காவது கோடு போட்டாக வேண்டும். கோட்டுக்கு இரு பக்கமும் நிற்பவர்களிடையே உள்ள வேறுபாடு கடிகாரத்தை அழுத்தும் கையின் பிழையைவிடச் சிறிதாக இருக்கலாம். அளவீட்டுப் பிழையைப் பற்றிப் பாடம் எடுக்கும் துறையாவது தன் மாணவர்களின் ரேங்க்கைப் பிழையில்லாத எண்ணாகக் கருதாமல் இருக்க வேண்டும்.

மொழியையும் இங்கே பேச வேண்டும். ஜேஇஇ மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு 2007 முதல் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து வரும் கட்-ஆப் போதும். ஆகவே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளை பொறியியல் இயற்பியலை நோக்கி நடக்கும்போது, மற்றவர்கள் உணராத இன்னொரு படியையும் ஏறுகிறது. ஆனால் நான் கவனித்த ஓர் உண்மை ஆறுதல் தருவது. முதல் வாசலில் மொழியின் தடை மிகப் பெரிது, ஏனென்றால் அங்கே வேகம் கேட்கப்படுகிறது. இரண்டாம் வாசலில் அது குறைகிறது, ஏனென்றால் அங்கே எல்லோருமே மெதுவாகத்தான் படிக்கிறார்கள். கோல்ட்ஸ்டைனின் இயக்கவியல் நூலில் ஒரு பக்கத்தைக் கடக்க ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவருக்கும் ஒரு மாலை போதுவதில்லை. ஒரு கருத்தைத் தாய்மொழியில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அங்கே குறையாகாமல் பலமாகவே ஆகிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு வயிற்றைப் பற்றியது. இத்தனை பாடுபட்டு நுழைந்தவர்களில் பலர் கடைசியில் மென்பொருளுக்கும் நிதித்துறைக்கும்தானே போகிறார்கள். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு இரண்டாம் வாசல் ஒரு வீண் ஆடம்பரம் இல்லையா? கேள்வியில் உள்ள கவலை உண்மையானது. அதை லட்சியப் பேச்சால் மூடக்கூடாது. சிப் உற்பத்திக்காக மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. குறைக்கடத்தி, ஒளியியல், அளவீட்டுக் கருவிகள் ஆகிய துறைகள் வளர்ந்தால் இந்தப் படிப்புக்கு நேரடி வேலைகளும் வளரும். ஆனால் அதை மட்டும் நம்பி வாதத்தை நிறுத்த மாட்டேன். வேறு துறைக்குப் போகிறவர் எடுத்துச் செல்வது எது என்று பார்த்தால், அது இரண்டாம் வாசலில் கற்றதுதான்: ஒழுங்காக அமையாத கேள்வியை ஒழுங்குபடுத்துவது, எதை விடலாம் என்று தீர்மானிப்பது, தன் விடையின் பிழை எவ்வளவு என்று தானே சொல்வது. முதல் வாசலோடு நின்றுவிட்டவர் எடுத்துச் செல்வது நிறுவனத்தின் பெயரை மட்டுமே. சம்பளச் சீட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். பத்து ஆண்டுகள் கழித்துச் செய்யும் வேலையில் தெரியாமல் போகாது.

மூன்றாவது மறுப்புதான் எனக்கே கடினமானது. திணறல் தகுதியின்மைக்குச் சான்றில்லை என்றால், யாருக்குமே இது உன் வழியல்ல என்று சொல்ல முடியாதே? சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்கான அடையாளம் மதிப்பெண்ணில் இல்லை. புரியாதபோது வலிப்பது எல்லோருக்கும் பொது. புரிந்த பிறகும் மகிழ்ச்சி வராவிட்டால், விடை கிடைத்ததும் அது ஏன் சரி என்று கேட்கத் தோன்றாவிட்டால், அது வேறு துறைக்கு அழைக்கும் குரலாக இருக்கலாம். அப்படி மாறுவது தோல்வியல்ல. ஆகவே முடிவைச் சற்றுத் தள்ளிவைப்பதே நல்லது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்கள் பொதுவான முதலாண்டை முடித்த பிறகே பொறியியல் இயற்பியல் முதலிய துறைகளுக்குப் போகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: முதலாண்டே இன்னொரு ரேங்க் பந்தயமாகிவிடலாம். முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு மாறும் வாய்ப்பு நம் ஐஐடிகளிலும் நீண்ட காலம் இருந்தது. அது உண்டாக்கிய அழுத்தத்தை நினைத்து அண்மை ஆண்டுகளில் சில ஐஐடிகள் அதைக் கைவிட்டன. வாசலை இடம் மாற்றினால் போதாது, அங்கே எதை அளக்கிறோம் என்பதையும் மாற்ற வேண்டும்.

அதற்குப் பெரிய சீர்திருத்தம் தேவையில்லை. கால்டெக்கில் 1961 முதல் 1963 வரை ரிச்சர்ட் ஃபெய்ன்மன் இளநிலை மாணவர்களுக்கு நடத்திய விரிவுரைகள் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. ஆனால் அந்த நூலின் முன்னுரையிலேயே, மாணவர்களைப் பொறுத்தவரை தம் முயற்சி வென்றதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும், நல்ல கற்பித்தல் ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் பேசும்போதே நிகழ்கிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார். எனவே நான் வேண்டுபவை எளியவை: கணிதம் இயற்பியலுக்கு ஒரு பருவமாவது முன்னால் ஓடட்டும், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களில், விடை தெரியாத கணக்கை ஆசிரியரும் சேர்ந்து தடுமாறிப் போடுவதை மாணவர்கள் பார்க்கட்டும், ஆய்வக ஏட்டில் சரியான எண்ணைவிடப் பிழைக் கணக்குக்கு அதிக மதிப்பெண் கிடைக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, முதல் வாரத்திலேயே ஓர் உண்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்: நீங்கள் இன்னும் உள்ளே வரவில்லை, வந்துகொண்டிருக்கிறீர்கள், அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆகும், எல்லோருக்கும் அப்படித்தான்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஈர்ப்பலை ஆய்வுக்கூடம் ஒன்று அமைய இருக்கிறது. 2023-ல் மத்திய அமைச்சரவை அதற்கு ஏறத்தாழ 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலையைப் பதிவு செய்த அமெரிக்காவின் லைகோ கூடங்களைப் போன்றது அது. அந்தக் கூடங்களில் 4 கிலோமீட்டர் நீளக் கைகளின் முனையில் 40 கிலோ எடைக் கண்ணாடிகள் தொங்குகின்றன. புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறிய அசைவை அவை காட்ட வேண்டும். தரையின் அதிர்வு அவற்றை எட்டாமல் தடுப்பது எது? ஊசல்தான். நூலின் மேல்முனையை வேகமாக ஆட்டிப் பாருங்கள், கீழே குண்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஊசலின் இயல்பான அதிர்வெண்ணைப்போல் பத்து மடங்கு வேகமான அதிர்வை ஓர் ஊசல் நூற்றில் ஒரு பங்காகக் குறைக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு ஊசல்களைத் தொங்கவிட்டால் கணக்குப்படி பத்துக் கோடியில் ஒரு பங்காகும். பள்ளியில் நாம் 20 அலைவுகள் எண்ணிய அதே ஊசல். அதைச் சூத்திரமாக மட்டும் அறிந்தவருக்குத் தேர்வில் இடம் கிடைக்கும். அதன் முன்னால் இரண்டு ஆண்டுகள் பொறுமையாக நின்றவர்தான் அந்தக் கண்ணாடியைத் தொங்கவிட முடியும்.